தங்கவயல்: மூடிய பிறகு

பிரான்சின் வடக்கே நிலக்கரி எடுப்பது 1990 டிசம்பரில் நின்றது. கரிக்கழிவு மேடுகளோடு அந்தப் பிரதேசத்தை 2012ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக்கியது. அதே வருஷம் லான்ஸ் ஊரில், பழைய சுரங்கம் இருந்த இடத்தில், லூவ்ர் மியூசியத்தின் கிளை திறந்தது. ஸோலாவின் நாவலோ 1885லேயே வந்துவிட்டது. அழிந்த பின்னும் அவ்வூர்களைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது.

நம்மவர்களின் சுரங்கம் கோலார் தங்கவயல். 2001 பிப்ரவரி 28ல் மூடினார்கள். ஆயக்குடிக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். எங்கள் ஊரில் ஜமீன் போயிற்று, நிலம் இருந்தது, அதில் கொய்யா காய்க்கிறது. மண்ணுக்கு அடியிலிருந்ததையே நம்பிப் பிறந்த ஊருக்கு அப்படி ஒரு மறுபிழைப்பு இல்லை.

1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து ஆள் போனது; பெரும்பாலோர் தலித்துகள். ஊர்த்தெருவில் நிமிர்ந்து நடக்க முடியாதவர்கள் பூமிக்குள் இறங்கித் தலைநிமிர்ந்தார்கள் என்று சொல்லத் தோன்றும். அது பாதி உண்மை. 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது யந்திரங்களுக்காக. சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சூடும், திடீரென்று வெடிக்கும் பாறையும், நுரையீரலில் படியும் கல்தூளும் இவர்கள் பங்கு. 1930ல் கைரேகை பதியச் சொன்னபோது வேலையை நிறுத்தினார்கள். குற்றவாளியைப் போல விரலை நீட்ட மறுத்த அந்தச் செயலைத்தான் நான் தலைநிமிர்வு என்பேன்.

சுமார் 800 டன் தங்கம் போயிற்று. பம்புகள் நின்றதும் சுரங்கத்தில் தண்ணீர் ஏறியது. மேலே சயனைடு மேடுகள் நின்றன. காற்றடித்தால் தூள் லைன் வீடுகளுக்குள் வரும். பிள்ளைகள் இருட்டோடு எழுந்து மாரிக்குப்பத்தில் ரயிலேறி, நூறு கிலோமீட்டர் தள்ளிப் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு, இருட்டியபின் திரும்புகிறார்கள். ஊர் தூங்குகிற இடமாகிவிட்டது. 2018லும் 2024லும் சினிமாக்காரர்கள் தங்கவயலைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்கு வேண்டியது தங்கம் கிடைத்த காலம். மூடிய பிறகு வரும் நாட்களில் கதை ஏது?

நம் வட்டத்துக்கு இதில் ஒரு கடன் உண்டு. 1907ல் சென்னையில் அயோத்திதாசர் தொடங்கிய 'தமிழன்', அவர் 1914ல் மறைந்து பல வருஷம் கழித்து, 1926ல் மறுபடி வந்தது. இம்முறை தங்கவயலிலிருந்து, ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு. கூலியில் மிச்சம் பிடித்து வாழ்ந்த ஒரு சமூகம் அங்கே பௌத்த சங்கமும் அச்சுக்கூடமும் வைத்துக்கொண்டு சாதியையும் சரித்திரத்தையும் விவாதித்துக்கொண்டிருந்தது. நாமோ சிறுபத்திரிகைச் சரித்திரத்தை 1933ல், 'மணிக்கொடி'யிலிருந்து ஆரம்பிக்கிறோம். ஏழு வருஷம் முந்திய இந்தப் பத்திரிகை நம் பட்டியலில் இல்லாததற்கு இலக்கியக் காரணம் சொல்வோர் சொல்லட்டும், கேட்கிறேன். ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999ல்தான் வெளிவந்தது. சுரங்கம் மூட அப்போது இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.