நிலத்தடி நீர்–மேற்பரப்பு நீர்ப் பரிமாற்றம்: களமுறைத் தேர்வு

ஆறு, ஏரி முதலிய நீர்நிலைகளுக்கும் அவற்றின் படுகைக்கு அடியில் உறையும் நிலத்தடி நீருக்கும் இடையே இடையறாது நிகழும் கொடுக்கல் வாங்கலை அளக்கத் தக்க முறையைத் தெரிந்தெடுத்தல். அறிய வேண்டுவது நீரின் திசையா, அளவா, அது புகும் இடமா என்பதே தேர்வுக்கு ஆதாரம்.

திசையை அறிய, படுகையில் செருகிய சிறு குழாயினுள் நிற்கும் நீர்மட்டத்தை வெளியே ஓடும் ஆற்றின் மட்டத்தோடு ஒப்பிட்டாலே போதும். உள்நீர் உயர்ந்து நின்றால் நிலம் ஆற்றுக்கு ஈகிறது, தாழ்ந்து நின்றால் ஆறு நிலத்துக்கு இழக்கிறது. அளவையும் அறிய வேண்டின், ஹென்றி டார்சி 1856இல் வெளியிட்ட விதிப்படி, மண்ணின் நீர் கடத்தும் திறனும் தெரிதல் அவசியம். அதுவோ மணலுக்கும் களிமண்ணுக்கும் பல்லாயிரம் மடங்கு வேறுபடுவது.

டேவிட் லீ 1977இல் விவரித்த கசிவுமானி, இரும்புப் பீப்பாயின் வெட்டிய முனையைப் படுகையில் கவிழ்த்து அழுத்தி, அதில் இணைத்த பிளாஸ்டிக் பையில் குறித்த காலத்தில் சேரும் நீரை நேரே அளப்பது. அமைதியான ஏரிக்கு அது உத்தமம்; விரைந்தோடும் ஆற்றிலோ நீரோட்டம் பையை அலைத்துப் பிழை விளைக்கும்.

நெடுந்தூர ஆற்றுக்கு, இரண்டிடங்களில் ஓட்டத்தை அளந்து கழிப்பதும், நிலத்தடி நீர் புகும் இடத்தைக் காட்டும், ஏறத்தாழ 3.8 நாள் அரையாயுளுடைய ரேடான்-222 வாயுவை நாடுவதும் பொருந்தும். கழித்துக் கிடைக்கும் வித்தியாசம் அளவைப் பிழையினும் சிறிதாயின் அது பிரயோஜனமற்றதாதலின், ஒன்றையொன்று சரிபார்க்கும் இரு முறைகளைக் கையாளுதலே விவேகம்.