பழைய இரும்போடு வந்த ஆபத்து



தெருவில் பழைய இரும்புக்காரர் குரல் கேட்டால் தேய்ஞ்ச கொழு, துருப்பிடிச்ச மோட்டார் எல்லாத்தையும் எடைக்குப் போட்டுவிடுகிறோம். அப்புறம் அது எங்கே போகுது என்று நாம் கேட்பதில்லை. எங்கிருந்து வந்தது என்று வாங்கினவரும் கேட்பதில்லை. டில்லியில் மாயாபுரி என்ற இடத்தில், பழைய இரும்புக் கடையில், 2010-ல் ஓர் உயிர் போனது இதனால்தான்.

டில்லி பல்கலைக்கழக வேதியியல் கூடத்தில் காமாக் கதிர் பாய்ச்சும் கருவி ஒன்று இருந்தது. கதிர் என்றாலே கெடுதல் என்று நினைத்துவிடாதீங்க. டிராம்பே நிலக்கடலை ரகங்களே கதிர் பாய்ச்சிய விதையின் வழி வந்தவைதான். ஆனால் இந்தக் கருவி 1985-க்குப் பிறகு சும்மா கிடந்தது. 2010 பிப்ரவரியில் அதை ஏலத்தில் விட்டுவிட்டார்கள். கடையில் ஈயக் கவசத்தைப் பிரித்தபோது உள்ளே இருந்த கோபால்ட்-60 குச்சிகள் வெளியே வந்தன. வாடை இல்லை, கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நாளில் தோல் கறுத்தது, முடி கொட்டியது. ஏழு பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். ஏப்ரலில் ஒருவர் இறந்துபோனார்.

கோபால்ட்-60 ஐந்தேகால் வருஷத்துக்கு ஒரு தடவை வீரியத்தில் பாதியை இழக்கும். 25 வருஷத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்காது. கொன்றது அந்த மிச்சம்!

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. 1962-ல் அணுசக்திச் சட்டம், 1971-ல் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள். 1983 நவம்பர் 15-ல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்பட்டது. 2004-ல் விதிகளைப் புதுப்பித்தார்கள். உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது, வாரியத்தின் அனுமதி இல்லாமல் கழிக்கவும் கூடாது. அடங்கலில் எந்த சர்வே நம்பரில் என்ன பயிர் என்று எழுதுகிற மாதிரி, எந்தக் கருவி எங்கே, யார் பொறுப்பு என்று கணக்கு வைக்கிற வேலை இது. இந்தக் கருவியோ வாரியம் பிறப்பதற்கு முன்பே வந்தது. பல்கலைக்கழகம் வாரியத்துக்குச் சொல்லாமலே விற்றுவிட்டது.

கணக்கில் ஓட்டை அதோடு நிற்கவில்லை. 2012-ல் மத்திய தணிக்கை அதிகாரி பார்த்தபோது, நாட்டிலிருந்த 57,443 எக்ஸ்ரே நிலையங்களில் 5,270 மட்டுமே வாரியத்தில் பதிவாகியிருந்தன.

மஞ்சள் பலகையில் மூன்று இறக்கை விசிறி மாதிரி ஒரு குறி இருந்தால் அது கதிர்வீச்சுப் பொருள். படிக்கத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்று 2007-ல் சர்வதேச அணுசக்தி முகமை இன்னொரு குறி கொண்டுவந்தது: சிவப்பு முக்கோணத்தில் கதிர் அலை, மண்டையோடு, ஓடுகிற ஆள். இதைக் கருவியின் வெளியே ஒட்டுவதில்லை. பிரிக்கிறவர் கண்ணில் படும்படி உள்ளே வைக்கிறார்கள்.