குறியீடும் உரையும்: விவிலிய வாக்கியப் பகுப்பின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

விவிலியத்தை ஆய்வு நோக்கிற் பயில்வோர் இன்று அதனைக் கணனித் திரையிலே, ஒவ்வொரு சொல்லுக்கும் இலக்கணக் குறி இடப்பட்டு, வாக்கியங்கள் கிளை கிளையாக வரையப்பட்ட நிலையிற் காண்கின்றனர். அவ்வரைபடம் இயந்திரம் கண்டறிந்த ஐயமற்ற உண்மை போலத் தோற்றமளிக்கின்றது. அது உண்மையில் யாருடைய உரை என்னும் வினாவை வரலாற்று அடிப்படையில் எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடத்துக்குக் குறியிடுதல் கணனியோடு தோன்றிய வழக்கமன்று. கி.பி. 7ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் திபேரியாவிற் பணிபுரிந்த மசோரெத்தியர் எனப்படும் யூத அறிஞர், பெரும்பாலும் மெய்யெழுத்துக்களால் எழுதப்பட்டிருந்த எபிரேய மூலத்துக்கு உயிர்க்குறிகளையும் ஓசைக்குறிகளையும் இட்டனர். ஓசைக்குறிகள் இசைத்து ஓதுவதற்கு உதவியதோடு, எச்சொல் எதனோடு சேரும், எவ்விடத்திற் பிரியும் என்பதையும் படிநிலைப்படுத்திக் காட்டின. இவ்வகையில் அவற்றை வாக்கிய வரைபடத்தின் முன்னோடி எனலாம்.

இக்குறிகளின் முக்கியத்துவத்தை உணர்த்த ஓர் உதாரணம் போதும். ஏசாயா நூலின் 40ஆம் அதிகாரம் 3ஆம் வசனத்தில், பாலைநிலத்தைக் குறிக்கும் சொல் கூவுகின்ற குரலைச் சேருமா, வழியமைக்கும் செயலைச் சேருமா? மசோரெத்தியரின் குறி அதனை வழியமைத்தலோடு சேர்க்கின்றது. அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட குமரான் சமூகத்தினரும் தமது ஒழுங்குவிதி நூலில் அவ்வாறே கொண்டு, தாம் பாலைநிலம் செல்வதற்கு அவ்வசனத்தை ஆதாரமாக்கினர். மாற்கு முதலிய நற்செய்தியாளரோ பாலைநிலத்திற் கூவும் குரலையே அங்கு கண்டு, அதனைத் திருமுழுக்கு யோவானோடு தொடர்புபடுத்தினர். ஒரு சமூகத்தின் வாழ்விடத் தெரிவும் இன்னொரு சமூகத்தின் நம்பிக்கையும் ஒரு நிறுத்தத்திலே தங்கியிருந்தமை மனங்கொள்ளத்தக்கது.

பிற்காலப் பகுப்புகள் வேறு தேவைகளாற் பிறந்தன. இன்று வழங்கும் அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்ரீபன் லாங்ரன் வகுத்தவை என்பர். அந்நூற்றாண்டிலேயே பாரிஸ் நகரில் சென் ஷேர் ஊரினரான ஹியூ தலைமையில் டொமினிக்கன் துறவியர் இலத்தீன் விவிலியத்துக்குச் சொல்லடைவு தொகுத்தனர். பல்கலைக்கழகமும் பிரசங்க மேடையும் விரைந்து மேற்கோள் காட்டும் வசதியை வேண்டி நின்ற காலம் அது. 1551இல் அச்சாளர் றொபேர் எஸ்ரியேன் தமது கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பதிப்பில் வசன எண்களைப் புகுத்தினார். இலக்கணத்திலும் பார்க்க மேற்கோள் வசதியே இவ்வெண்களின் அடிப்படையாகும்.

கணனி இம்மரபின் வேகத்தைப் பெருக்கியது. 1957இல் யுனிவாக் இயந்திரத்தின் துணையுடன் ஜோன் எலிசனின் ஆங்கில விவிலியச் சொல்லடைவு வெளிவந்தது. இத்தாலியின் கலறாத்தே நகரில் இயேசு சபைத் துறவி றொபேர்ட்டோ புசா அமைத்த நிலையம், தோமஸ் அக்குவைனாசின் நூல்களையும் சாக்கடற் சுருள்களையும் துளையட்டைகளில் ஏற்றிற்று. அங்கு அட்டைகளிற் துளையிட்டவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். 1974 முதல் 1980 வரையில் 56 தொகுதிகளாக அச்சேறிய அக்குவைனாஸ் சொல்லடைவு புசாவின் பெயராலேயே அறியப்படுகின்றது. அப்பெண்களின் உழைப்பை அண்மைக்கால ஆய்வுகளே வெளிக்கொணர்ந்தன.

சொற்களை எண்ணுவதிலிருந்து வாக்கியங்களை வரைவதற்கு ஆய்வு நகர்ந்தபோது உரைகாரரின் பங்கு மேலும் கூடிற்று. பிரான்சிஸ் அண்டர்சனும் டீன் போப்சும் எபிரேய வேதத்தின் வாக்கியங்களைக் கிளைப்படங்களாக வகுத்தனர். அம்ஸ்ரடாம் சுயாதீனப் பல்கலைக்கழகத்தில் 1977இல் ஈப் தல்ஸ்ட்ரா தொடங்கிய ஆய்வுக் குழு, பொருளை முன்னரே தீர்மானியாது, சொல்வடிவத்திலிருந்து படிப்படியாக வாக்கியத்துக்குச் செல்ல முயன்றது. மூலம் ஒன்றாயினும் வரைபடங்கள் ஒன்றாகவில்லை. ஐயத்துக்கு இடமான இடங்களில் ஒருவர் தெரிவு செய்தே ஆகவேண்டும்.

கருவியின் அமைப்பும் தெரிவுகளைத் திணிக்கின்றது. எபேசியர் நிருபத்தின் 1ஆம் அதிகாரம் 3 முதல் 14 வரையான பகுதி கிரேக்கத்தில் ஒரே வாக்கியமாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகின்றது. எஸ்ரியேனின் எண்களோ அதனைப் பன்னிரண்டாக வெட்டுகின்றன. ஒன்றினுள் ஒன்றாகவே கூறுகளை அடக்கும் எக்ஸ்எம்எல் போன்ற குறியீட்டு மொழியில், வசன எல்லையும் வாக்கிய எல்லையும் குறுக்கிடும்போது இரண்டுக்கும் சமநிலை அளிப்பது கடினம். இதனாலேயே குறிகளை மூலத்தினின்றும் பிரித்து வேறாக வைக்கும் முறை வளர்ந்தது. இம்முறையில் ஒரே மூலத்துக்கு முரண்பட்ட பல பகுப்புகளும் அருகருகே நிற்கலாம்.

இதனை வெறும் தொழில்நுட்பத் தீர்வாக மட்டும் நாம் கொள்ளலாகாது. பரிமேலழகர் கொண்ட பொருளை நாம் மறுக்க முடிகின்றதெனின், அது அவர் பெயரால் நிற்பதே காரணம். பெயரற்ற குறி மறுப்புக்கு இடமளிப்பதில்லை. உரையாகப் பிறந்து மூலமாக வேடம் பூணுகின்றது. எனவே குறியிட்டவர் யார், எக்கொள்கையின்படி இட்டார், யாருடைய உழைப்பு அதிலடங்கியுள்ளது என்பன பாடத்தோடு கூடவே வெளிப்படுத்தப்படல் வேண்டும். கருவியின் பயனை ஏற்கும் நாம், அதன் உரைகாரரை விசாரிக்கும் உரிமையைக் கைவிடுதல் தகாது.