சாவி கொடுக்காத கடிகாரமும் தாம்பரம் ரயிலும்

கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் ஒன்றை மலிவாக வாங்கலாமா என்று யோசிப்பவர் முதலில் கேட்பது, அது நாளுக்கு எத்தனை விநாடி தப்பும் என்பதைத்தான். இந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்காது. பல ஆண்டுகள் சீக்கோ 5 கடிகாரங்களில் இருந்த 7எஸ்26 இயந்திரத்துக்கு அந்த நிறுவனமே சொன்ன வரம்பு, நாளுக்கு 20 விநாடி பின்தங்கலாம், 40 விநாடி முந்தலாம் என்பது. நடைபாதையில் விற்கும் செல் போட்ட வாட்ச்கூட ஒரு மாதத்தில் அவ்வளவு தப்பாது. அந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டால் ஆட்டோமேட்டிக்கின் வழக்கு அங்கேயே தள்ளுபடியாகிவிடும். ஆனால் அது சரியான அளவுகோல்தானா? சென்னைப் புறநகரான தாம்பரத்துக்குத் தெற்கே இரும்புலியூர் போன்ற ஊர்களின் கடந்த நூறாண்டுகளைப் பார்த்தால், அன்றாடக் கைக்கடிகாரத்திடம் யாரும் பெரிய துல்லியத்தை எதிர்பார்த்ததில்லை, எதிர்பார்க்க வேண்டியிருந்ததும் இல்லை என்றே தோன்றுகிறது. நேரம் வெளியிலிருந்து இலவசமாக வந்தது. அதை ஒருநாள் முழுக்கக் கெடாமல் சுமப்பதே கடிகாரத்தின் வேலை. அந்த வேலைக்கு ஏற்ற பொருள் ஆட்டோமேட்டிக்தான் என்பதும், நம் ஊரில் அதை வேறு ஏதோ காரணம் சொல்லி விற்றார்கள் என்பதும் என் வாதம்.

சென்னைக்கு நேரம் சொல்லும் ஏற்பாடு மிகப் பழையது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வுக்கூடத்தின் நேரமே மெட்ராஸ் நேரமாயிற்று. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்திய அந்த நேரத்தைத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்கள் பின்பற்றின. 1906-இல் இன்றைய இந்திய நேரம் வந்தபோது நகரம் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது. தெற்குப் புறநகருக்கு நேரம் அன்றாடத் தேவையாக மாறியது 1931-இல், கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது. தனக்கென ரயில் நிலையம் இல்லாத இரும்புலியூர்க்காரருக்குத் தாம்பரத்தில் எந்த வண்டி எத்தனை மணிக்கு என்பது மனப்பாடம். கூடவே, வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதும். 1938-இல் வானொலியின் சென்னை நிலையம் வந்தது. செய்திக்கு முன் ஒலிக்கும் மணிக்குறியைக் கேட்டு முள்ளைத் திருப்பிக்கொள்வது வீட்டுப் பழக்கமாயிற்று. குரோம்பேட்டையில் தோல் பதனிடும் ஆலை, பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார், 1984 முதல் தாம்பரம் சானடோரியம் அருகே ஏற்றுமதி வளாகம் என்று வேலைத்தலங்கள் பெருகப் பெருக, நேரத்தைச் சரிபார்க்கும் இடங்களும் பெருகின. நாளுக்கு அரை நிமிடம் முந்தும் கடிகாரத்தைக் காலைதோறும் வானொலிக்குச் சரிசெய்தால் பிழை அந்த அரை நிமிடத்தைத் தாண்டாது. ரயிலோ நிமிடக் கணக்கில்தான் கிளம்பியது. ஆகவே விநாடிக் கணக்கு இந்தப் பாதையில் யாருக்கும் சோறு போடவில்லை, யாருடைய வேலையையும் பறிக்கவுமில்லை.

கடிகாரத்தைக் கெடுத்தது வேறொன்று: வியர்வை. தாம்பரத்து மே மாதத்தில் ரயில் பெட்டிக் கம்பியைப் பிடித்துத் தொங்கும் கையில் பின்மூடி நனைகிறது, தோல் ஸ்ட்ராப் நாறுகிறது, உப்பும் தூசியும் சாவிக்குமிழின் ஓரமாய் உள்ளே இறங்குகின்றன. தினமும் சாவி கொடுக்கும் கடிகாரத்தில் மிகப் பலவீனமான வாசல் அந்தக் குமிழ்தான். ஒவ்வொரு திருகலிலும் அதன் ரப்பர் வளையம் கொஞ்சம் தேய்கிறது, தண்டும் தேய்கிறது. ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் பிறந்த காரணமே இதுதான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேயக் கடிகாரப் பழுதுபார்ப்பாளர், தூசியும் ஈரமும் குமிழ் வழியாக நுழைந்துதான் கைக்கடிகாரங்கள் கெடுகின்றன என்று முதல் உலகப் போர்க்காலத்தில் கண்டார். குமிழே இல்லாத கடிகாரம் வேண்டுமானால் சாவி தானாக ஏற வேண்டும் என்று முடிவுகட்டி, 1920களில் காப்புரிமையும் பெற்றார். அவருடைய கடிகாரத்தில் முள்ளைத் திருப்புவதற்குக்கூடக் கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தைத்தான் சுழற்ற வேண்டும். முழு வட்டமாகச் சுழலும் எடையை வைத்து ரோலெக்ஸ் அதைச் செம்மைப்படுத்தியது 1931-இல். நம் மின்சார ரயிலுக்கும் அதே வயது. சோம்பேறிக்குச் சாவி மிச்சம் என்பது பிற்காலத்து விளம்பரப் பேச்சு. மூடிய பெட்டி திறக்காமல் இருக்கட்டும் என்பதுதான் மூல யோசனை. வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை எது?

இந்த யோசனை நம் ஊருக்கு வந்து சேர்ந்த விதம் வேறு. விடுதலைக்குப் பின் வெளிநாட்டுக் கடிகாரம் எளிதில் கிடைக்காத பொருள். 1962-இன் சுங்கச் சட்டத்தில் 123-ஆம் பிரிவைப் பார்த்தால் அதன் மதிப்பு விளங்கும். கடத்தல் பொருள் என்று பிடிபட்டால், அது கடத்தப்பட்டதல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை வைத்திருப்பவர் தலையிலேயே சுமத்தும் அந்தப் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடும் பொருள்கள், ஒன்று தங்கம், இன்னொன்று கைக்கடிகாரம். மறுபக்கம், 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி. கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஜனதா, பைலட் எல்லாம் சாவி கொடுக்கும் 17 கல் கடிகாரங்கள். பின்னால் வந்த ரஜத், காஞ்சன் போன்ற 21 கல் ஆட்டோமேட்டிக்குகள் அவற்றைவிட விலை கூடியவை. விலை கூடிய பொருள் எங்கே போகும்? கல்யாணத்துக்குப் போயிற்று. மோதிரம், செயின் வரிசையில் மாப்பிள்ளைக்கு வாட்ச் என்று எழுதியபோது ஆட்டோமேட்டிக்கே கௌரவமாகப் பட்டது. கம்பெனிக்கு நாள்தோறும் கட்டிப் போக ஜனதா, விசேஷத்துக்கு ஆட்டோமேட்டிக். வியர்வைக்கென்று பிறந்த கடிகாரம் பீரோவுக்குள் கிடந்தது. அசைவில்லாமல் கிடக்கும் ஆட்டோமேட்டிக் இரண்டாம் நாளே நின்றுவிடும், வருடக்கணக்கில் கிடந்தால் எண்ணெயும் பிசினாகும். பிறகு அதை எடுத்துக் கட்டிப் பார்த்து ‘ஆட்டோமேட்டிக் ஓடாது’ என்று தீர்ப்பும் சொன்னார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதே வியர்வையில், அதே ரயிலில், சாவி கொடுத்த ஜனதா முப்பது, நாற்பது ஆண்டு ஓடியதே? ஓடியது, உண்மை. ஆனால் அது சும்மா ஓடவில்லை. ஜனதாவுக்கும் பைலட்டுக்கும் இயந்திரம் ஒரே குடும்பம். ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குச் சேரும், நாட்டின் எந்தச் சந்திலும் அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஆள் இருந்தார். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, பெட்டிக்கடையளவு கண்ணாடிக்கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த அந்த வாட்ச் ரிப்பேர்காரர்தான் ஜனதாவின் ஆயுள். மழைக்காலம் முடிந்ததும் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் விடுவது அவருக்குச் சில்லறைக் கூலி வேலை. ஆட்டோமேட்டிக்கில் சுழலும் எடையும் அதன் பல்சக்கரங்களும் கூடுதல், ஆகவே கூலியும் கூடுதல். எனவே ஜனதாவின் நீண்ட ஆயுள் அந்தக் கடிகாரத்தின் மூடும் திறனுக்குச் சான்றல்ல. பழுதுபார்க்கும் கூலி மலிவாக இருந்ததற்கே சான்று. அந்தக் கூலி ஏறிய இடத்தில் வாதம் தலைகீழாகும். ஆனால் ஆட்டோமேட்டிக்குக்கு எதிரான ஞாயிற்றுக்கிழமைக் கணக்கையும் சொல்லவேண்டும். சனி மாலை ஏழு மணிக்குக் கழற்றி வைத்து, திங்கள் காலை ஏழு மணிக்குக் கட்டினால் இடையில் 36 மணி நேரம். முழுச் சாவி ஏறிய 7எஸ்26 நாற்பது மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். ஃபிட்டர் கையில் இருந்த கடிகாரம் இதைத் தாண்டிவிடும். நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா கையில் இருந்தது ஞாயிறு நள்ளிரவே நின்றாலும் வியப்பில்லை. அவருக்கு ஜனதாவே மேல் என்பதை மறுக்கமாட்டேன்.

ஆட்டோமேட்டிக்கை அன்றாடப் பொருளாகவே கட்டியவர்கள் வேறு வழியில் வந்தார்கள். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்த் திரும்பியவர்களின் கையில் சீக்கோ 5, சிட்டிசன், ஓரியண்ட் இருந்தன. போகாதவர்களுக்கு, அதே மின்சார ரயிலின் மறுமுனையில், கடற்கரை நிலையத்தை ஒட்டி பர்மா பஜார் இருந்தது. 1963-இல் வந்த சீக்கோ 5-இன் திட்டமே மலிவு விலையில் தினசரிக் கடிகாரம் என்பதுதான். தானே ஏறும் சாவி, ஒரே சன்னலில் தேதியும் கிழமையும், நீர் புகாமை, நான்கு மணிக்குறியருகே உள்ளடங்கிய குமிழ், உறுதியான பெட்டி என்று ஐந்து குணங்கள். பிற்காலத்து 7எஸ்26-இல் குமிழைத் திருகினால் சாவி ஏறவே ஏறாது. குறைபாடு என்று பலர் முணுமுணுக்கும் இதை நான் ஹார்வுட்டின் யோசனை மீண்டும் தலைகாட்டியதாகவே படிக்கிறேன்.

அடுத்த மறுப்பு இன்னும் கடினமானது. குமிழைத் தொடாமல் இருப்பதுதான் சிறப்பென்றால், செல் வாட்சிலும் யாரும் குமிழைத் தொடுவதில்லையே? 1984-இல் டாட்டாவும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களை அனுப்பத் தொடங்கியபோது, சாவியும் போயிற்று, துல்லியமும் வந்தது, தோற்றமும் மினுக்கியது. விநாடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தோடு எந்தச் சுருள்வில்லும் போட்டியிட முடியாது. எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததுவரை இந்தச் சரிவின் கதை தெரிந்ததே. அதில் நிர்வாகத்தின் பங்கும் பெரிது. ஆனாலும் ஒரு நுணுக்கம் உண்டு. செல் வாட்சின் குமிழ் மூடியிருந்தாலும் பின்மூடி மூடியிருப்பதில்லை. இரண்டு, மூன்று ஆண்டுக்கொருமுறை செல் மாற்ற அதைத் திறக்கிறார்கள். பஸ் நிலைய வாசலில் ஐந்து நிமிடத்தில் திறந்து மூடும்போது ரப்பர் வளையத்தை யார் பார்க்கிறார்கள்? அடுத்த மழையில் கண்ணாடிக்குள் ஆவி படியும். தீர்ந்த செல்லை மறந்துவிட்டால் அது கசிந்து உள்ளே அரிக்கும். பழுதானால் இயந்திரத்தையே எடுத்தெறிந்து வேறு போடுவார்கள். மலிவு என்பதால் அது நியாயமும்கூட. செல் வாட்ச் வென்றது விலையில், துல்லியத்தில். மூடியே இருப்பதில் அது வெல்லவில்லை.

இன்று நேரத்தைச் சட்டைப்பையிலுள்ள செல்பேசியே சொல்கிறது என்பதால், ஆட்டோமேட்டிக்குக்கு எதிரான துல்லிய வாதம் இன்னும் வலுவிழக்கிறது. வானொலியின் இடத்தில் செல்பேசி, அவ்வளவுதான். பார்க்க வேண்டியவை வேறு. உள்ளே இருப்பது பரவலாகக் கிடைக்கும் இயந்திரமா? சீக்கோ குழுமத்தின் என்.எச்.35, சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா 8200 வரிசை போன்றவை பல நிறுவனப் பெட்டிகளுக்குள் இருப்பதால், அன்று ஜனதாவுக்கும் பைலட்டுக்கும் இருந்த பாகப் பொதுமை இவற்றுக்கு ஓரளவு இருக்கிறது. பின்மூடி திருகு மூடியா, தட்டிப் பொருத்தியதா? தோல் ஸ்ட்ராப்பை எஃகுச் செயினாகவோ ரப்பராகவோ மாற்ற முடியுமா? வாரத்தில் ஆறு நாளாவது கட்டப்போகிறோமா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் சொல்பவர் செல் வாட்சே வாங்கலாம். இணையத்தில் பளபளக்கும் புது டயலோடு விற்கும் பழைய எச்.எம்.டி.களைப் பற்றி ஒரு வார்த்தை: அவற்றில் பல, வெவ்வேறு கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்து, டயலுக்குப் புதிதாக வண்ணமடித்தவை. ஆசைக்கு வாங்கலாம், அலங்காரத்துக்கு வைக்கலாம். ஆனால் தேய்ந்த குமிழும் ரப்பர் வளையமும் அப்படியே இருக்கையில், அதைக் கட்டிக்கொண்டு ஐப்பசி மழையில் தாம்பரத்து ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையைக் கடப்பது கடிகாரத்துக்கு நல்லதில்லை.