இல்லச் செவிலியர்

இல்லச் செவிலியர் என்பவர் நோயாளியின் வீட்டுக்கே சென்று மருத்துவர் வகுத்த சிகிச்சையை நிறைவேற்றும் பதிவுபெற்ற செவிலியர். 4 ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் அல்லது 3 ஆண்டு ஜி.என்.எம். படித்து, மாநில செவிலியர் மன்றத்தில் பதிவு செய்வதே இப்பணிக்கான வழி. குளிப்பாட்டுதல், உணவூட்டல் போன்றவற்றைச் செய்யும் பராமரிப்பு உதவியாளர் வேறு. பேச்சுவழக்கில் இருவரும் ‘ஹோம் நர்ஸ்’ ஆகிவிடுவதால் குழப்பம் நேர்கிறது.

மருத்துவமனையைவிட வீட்டுப்பணி எளிது என்பது பரவலான எண்ணம். உண்மை நேர்மாறு. வார்டில் அழைத்தால் மருத்துவர் வருவார். பெங்களூரின் லிங்கராஜபுரத்து மாடிவீட்டில் சிறுநீர்க்குழாய் அடைத்துக்கொண்டாலோ படுக்கைப்புண் சீழ்பிடித்தாலோ அடுத்து என்ன செய்வதென முதலில் தீர்மானிப்பவர் செவிலியரே. எனவே வார்டு அனுபவம் முன்தேவையாகிறது. இப்பகுதியில் தமிழும் கன்னடமும் பேசத் தெரிந்திருப்பது வலியைச் சரியாகக் கேட்டறிய உதவும். முழுநேரச் செவிலியருக்குச் சம்பளம் கொடுக்க எல்லாக் குடும்பங்களாலும் இயலாது என்ற மறுப்பு நியாயமானதே. ஆயினும் அன்றாடப் பணியை உதவியாளரிடம் விட்டு, புண்கட்டு, ஊசி, குழாய் மாற்றம் ஆகியவற்றுக்கு மட்டும் செவிலியரை வரவழைக்கலாம். முற்றிய புற்றுநோயாளிகளுக்காக 1994-இல் நிறுவப்பட்ட பெங்களூர் ஹாஸ்பைஸ் டிரஸ்ட், ‘கருணாஷ்ரயா’ என்ற பெயரில் வீடுதேடிச் செல்லும் சேவையைக் கட்டணமின்றி அளிக்கிறது.