ஓய்வு இடைவேளையும் உட்பட

மார்ச் மாதம் பிறந்தால் மகளிர் கல்லூரிகளின் அழைப்பிதழ்களில் ஒரு தலைப்பு தவறாமல் அச்சாகிவிடும்: தாய்மை, பணி, தன்னைப் பேணுதல், இவற்றுக்கிடையே சமநிலை காண்பது எப்படி? பேச வருகிறவர் பெரும்பாலும் காலையில் இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்திருக்கச் சொல்லிவிட்டுப் போவார். ஆண்கள் படிக்கிற கல்லூரியில் இந்தத் தலைப்பில் ஒரு கூட்டம் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ‘சமநிலை’ என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. தராசு தானாக நிற்காது, அதை ஒரு கை பிடித்திருக்க வேண்டும். இந்தப் பேச்சில் தட்டும் பெண், முள்ளும் பெண், பிடிக்கிற கையும் பெண். மூன்றாவதாகச் சொல்லப்படும் ‘தன்னைப் பேணுதலு’க்கோ தமிழில் இன்னொரு சங்கடம் உண்டு. அதைச் சுருக்கிச் சொல்லப் போனால் ‘தன்னலம்’ என்று ஆகிவிடுகிறது. அது வசைச்சொல்.

இந்தத் தலைப்புக்கு முன்பும் பெண்கள் வேலைக்குப் போனார்கள், பிள்ளை பெற்றார்கள். அவர்கள் முன்னே இருந்த கேள்வி கைக்குப் பிடிபடுகிற கேள்வி. நான் வேலை செய்யும்போது பிள்ளையை எங்கே கிடத்துவது? யார் பார்ப்பார்? பால் கொடுக்க எவ்வளவு நேரம் விடுவார்கள்? நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர்கள் வரப்போரத்து மரக்கிளையில் பழைய சேலையால் தூளி கட்டினார்கள். பிள்ளை அழுதால் கரையேறிப் பால் கொடுத்துவிட்டு மறுபடி சேற்றில் இறங்கினார்கள். தூளியை ஆட்ட எட்டு வயது அக்காள் இருந்தாள். இதைப் பசுமையான காட்சியாக எழுதுகிறவர்கள் அந்த அக்காள் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதை எழுதுவதில்லை. தாலாட்டுகளையும் குழந்தைக்கான பாட்டு என்று மட்டும் படித்தால் பாதி போய்விடும். பிறந்த வீட்டு ஏக்கமும் புகுந்த வீட்டு மனத்தாங்கலும் உடல் அசதியும் அவற்றில்தான் கிடக்கின்றன. பிள்ளையைத் தூங்கவைக்கும் சாக்கில் ஒரு பெண் தன்னைப் பற்றிப் பேச முடிந்த நேரம் அது.

ஆலைக்குள் மரம் இல்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலைக்குப் போன தாய்மார், பிள்ளை நாள் முழுவதும் தூங்கட்டும் என்று அபின் உருண்டை கொடுத்துவிட்டுப் போனதை 1931இல் வெளியான தொழிலாளர் அரச ஆணையத்தின் அறிக்கை பதிவுசெய்கிறது. இதைப் படித்துவிட்டு அந்தத் தாய்மாரின் அறியாமையைப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் தெரிவது ஒரு கணக்குத்தான். வீட்டில் ஆள் இல்லை, ஆலையில் இடம் இல்லை, கூலியை விட்டால் அடுப்பு எரியாது.

1919இல் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பேறுகாலத்துக்கு முன் ஆறு வாரமும் பின் ஆறு வாரமும் விடுப்பு என்றது. திரும்பி வந்தபின் பால் கொடுக்க நாளுக்கு இருமுறை அரைமணி நேரம் என்றது. இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷ் அரசு அதை ஏற்கவில்லை. மத்திய சட்டசபையில் 1924இல் என்.எம். ஜோஷி கொண்டுவந்த பேறுகால மசோதா தோற்றது. பம்பாய் மாகாணம் 1929இல் தனியாகச் சட்டம் இயற்றியது. அந்த மசோதா 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் விவாதிக்கப்பட்டபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். தாய்க்குக் கிடைக்கும் ஓய்வு நாட்டின் நலன், எனவே சுமையில் பெரும்பங்கு அரசுடையது என்றார். பெண்களை வேலைக்கு வைத்து ஆதாயம் பார்க்கும் முதலாளியும் அதில் பங்கு ஏற்கவேண்டும் என்றார். கவனியுங்கள்: இந்தக் கணக்கில் அரசு இருக்கிறது, முதலாளி இருக்கிறார். ‘நீ எப்படிச் சமாளிக்கப் போகிறாய்’ என்று அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. சென்னை மாகாணத்தின் சட்டம் 1934இல் வந்தது.

தேயிலைத் தோட்டங்களின் கதை வேறு. இலங்கை மலையகத்தில் ‘பிள்ளைக் காம்பரா’ என்று ஒரு சொல் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த சொற்களில் ஒன்று. காம்பரா போர்த்துகீசியர் விட்டுச்சென்றது, பிள்ளை நம்முடையது. விடிகாலையில் பெரட்டுக்குப் போகும் வழியில் கொழுந்து பறிக்கும் பெண்கள் கைக்குழந்தையை அங்கே விட்டுச் செல்வார்கள். உத்தரத்திலிருந்து வரிசையாகத் துணித் தொட்டில்கள். பார்த்துக்கொள்ள ஓர் ஆயாம்மா. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து பால் கொடுப்பார்கள். தோட்ட நிர்வாகம் இதைக் கருணையால் கட்டவில்லை. கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்கள் கை. அந்தக் கை நின்றால் ஆலையும் நிற்கும். ஆனாலும், மற்ற இடங்களில் பெண் தனியாகச் சுமந்ததை இங்கே ஓர் அறையும் சம்பளம் பெறும் ஓர் ஆளும் சுமந்தார்கள். இப்போது அதன் பெயர்ப்பலகையில் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்றிருக்கும். பழைய பெயரிலேயே எனக்கு அதிக உண்மை தெரிகிறது.

அதற்காகப் பிள்ளைக் காம்பராவைச் சொர்க்கமாக்கிவிட வேண்டாம். பகல் இடைவேளையில் ஆண் சாப்பிட்டுச் சற்றுச் சாய்ந்துகொள்வான். பெண் காம்பராவுக்கு ஓடி, லயத்துக்கு ஓடி, அடுப்பைப் பார்த்துவிட்டு மறுபடி மலையேறுவாள். இடைவேளை என்று கணக்கில் எழுதப்பட்ட நேரம் அவளுக்கு இன்னொரு வேலைநேரம். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சட்டம் பின்னால் இங்கேதான் வந்து சேர்கிறது.

சுதந்திர இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1976இல் அந்த எண்ணிக்கை முப்பதாகக் குறைந்தது. பல நிர்வாகங்கள் பெண்களின் எண்ணிக்கையை அந்தக் கோட்டுக்குக் கீழேயே நிறுத்திக்கொண்டன. படித்த பெண்ணின் நிலையும் பெரிதாக மேலில்லை. வெளியுறவுப் பணியில் பெண் அதிகாரி திருமணம் செய்ய அன்று அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டியிருந்தது. பிறகு குடும்பப் பொறுப்பு பணிக்கு இடையூறு என்று அரசு கருதினால் அவர் விலகவேண்டியிருந்தது. சென்னையில் படித்து அப்பணிக்குச் சென்ற சி.பி. முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதியைக் கடுமையாகச் சாடினார். குடும்பமும் பணியும் மோதும் என்பது அரசுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதற்கு அது கண்டுபிடித்த தீர்வு ராஜினாமாக் கடிதம்.

இனி 1961. அந்த ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தின் 11ஆம் பிரிவை நான் தமிழ் வகுப்பில் எடுத்துப் படிப்பதுண்டு. வேலைக்குத் திரும்பிய பெண்ணுக்கு, அவளுக்குரிய ஓய்வு இடைவேளைக்கு மேலாக, குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளைகள் தரவேண்டும் என்கிறது அது. வாஷிங்டனின் அரைமணி, சுரங்கத்துக்கான 1963ஆம் ஆண்டு விதிகளில் கால்மணியாகச் சுருங்கிவிட்டது. போகட்டும். ‘ஓய்வு இடைவேளைக்கு மேலாக’ என்ற தொடரில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. பிள்ளைக்கான நேரம் வேறு, அவளுக்கான நேரம் வேறு. அவள் தேநீர் குடிக்கலாம், கண்ணை மூடலாம், சும்மா சுவரில் சாய்ந்து நிற்கலாம். அந்த நேரத்தைப் பிள்ளையின் பெயரால்கூட யாரும் எடுத்துக்கொள்ள முடியாது என்று சட்டம் ஒரு வரியில் சொன்னது.

2017இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. அதை நாம் கொண்டாடினோம், கொண்டாடத்தான் வேண்டும். 50 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடங்களில் காப்பகம் என்று 11அ பிரிவு சேர்ந்தது. தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம். அதே வரியின் வாலில் ஒரு தொடர் ஒட்டியிருக்கிறது: அவளுக்கு அனுமதிக்கப்பட்ட ஓய்வு இடைவேளையும் இதில் அடங்கும். 1961இல் ‘மேலாக’ என்று வெளியே நின்றது 2017இல் ‘உம்’ போட்டு உள்ளே போய்விட்டது. இலக்கணத்தில் உம்மையைச் சிறிய இடைச்சொல் என்று நடத்திவிட்டுக் கடந்துவிடுகிறோம். அந்த ‘உம்’மில் ஒரு பெண்ணின் தேநீர் போயிற்று. பழைய 11ஆம் பிரிவு அப்போது நீங்கவில்லை என்பது உண்மை. ஆனால் புதிய பிரிவை எழுதியவர்களுக்குத் தாயின் ஓய்வு என்பது பிள்ளையைப் பார்க்கப் போகும் நேரமாகவே தோன்றியிருக்கிறது. 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

இவ்வளவும் சட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு. தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் விடுப்பு 12 மாதம். பேறுகாலம் என்றால் விலகிக்கொள், பிறகு புதிதாக விண்ணப்பி என்று சொல்லப்பட்ட சுயநிதிக் கல்லூரி விரிவுரையாளர்களை எனக்குத் தெரியும். சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்கு அந்த விண்ணப்பமும் இல்லை. மணல் குவியலின் மேல் பிள்ளை, பக்கத்தில் இன்னும் அந்த அக்காள். பிள்ளைப் பராமரிப்பு தாய்க்கு, குழந்தைக்கு, தம்பி தங்கையைச் சுமக்கும் சிறுமிக்கு என மூன்று பேருக்கும் சேர்த்தே தேவை என்பதைக் கல்வியாளர் மீனா சுவாமிநாதன் விடாமல் எழுதிவந்தார். அவர் தலைமையில் எழுபதுகளின் தொடக்கத்தில் இயங்கிய குழுவின் பணி, 1975இல் அங்கன்வாடிகள் வருவதற்கு வழிவகுத்தவற்றில் ஒன்று. ஆனால் அங்கன்வாடி, கட்டட வேலை முடிவதற்கு முன்பே பூட்டப்படுகிறது.

2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமற்ற வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அதைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம். அந்தக் கணக்கெடுப்பு ‘தன்னைப் பேணுதல்’ என்று எதைச் சேர்க்கிறது என்று பார்த்தேன். தூங்குவது, சாப்பிடுவது, குளிப்பது. முகப்பூச்சும் தியானமும் விற்கிறவர்களைவிடப் புள்ளிவிவரத் துறை நேர்மையாக இருக்கிறது.

சென்ற பருவத்தில் இரண்டு பிரிவுகளையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதிப்போட்டேன். ‘மேலாக’வையும் ‘உம்’மையையும் மாணவிகள் தாங்களே கண்டுபிடித்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, “அம்மா, காப்பகத்துல பிள்ளைங்களப் பாத்துக்கிற அந்த ஆயாவுக்கு எப்போ இடைவேளை?” என்று கேட்டாள். 11அ பிரிவைத் திரும்ப ஒருமுறை வாய்விட்டுப் படித்தோம். அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதையே உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில்தான் சொன்னது என்றேன். அவள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.