நெற்பூவின் உறுப்புகள்

நெற்பூவுக்கு வண்ண இதழ் கிடையாது. கதிரில் பின்னாளில் ஒரு மணியாக முற்றும் ஒவ்வொரு சிறுகதிரிலும் ஒரே பூதான் இருக்கும். அதைப் பொதிந்திருக்கும் இரு செதில்களில் பெரியது லெம்மா, சிறியது பேலியா. நெல்லைக் குத்தும்போது உமியாகப் பிரிபவை இவையே. உள்ளே ஆறு மகரந்தத்தாள்கள், ஒரு சூற்பை, இறகாய்ப் பிரிந்த இரு சூல்முடிகள். லெம்மாவின் அடிப்பக்கத்தில் லாடிக்யூல் எனும் இரு நுண்செதில்கள் உண்டு.

மூன்று மகரந்தத்தாள் கொண்ட பெரும்பாலான புற்களிலிருந்து நெல்லைப் பிரித்துக்காட்டுவது இந்த ஆறுதான். 1753இல் லின்னேயஸ் அதை ஒரைசா சட்டைவா எனப் பெயரிட்டு, ஆறு தாள் கொண்டவற்றின் வகுப்பில் வைத்தார்.

உறுப்புகளுக்குப் பெயர் நிலைக்க வெகுகாலம் ஆனது. லாடிக்யூல் என்ற சொல்லை 1812இல் பிரெஞ்சு அறிஞர் பலிசோ த பொவ்வா புகுத்தினார். லெம்மா என்ற சொல்லை 1906இல் அமெரிக்கர் பைப்பர் முன்மொழிந்தார். ஆனாலும் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியின் ரங்காச்சாரியார் 1921இல் வெளியிட்ட தென்னிந்தியப் புற்கள் கையேடு, செதில்களை முதலாவது, இரண்டாவது என்று எண்ணியே விவரித்தது. களத்தில் புல்லை அடையாளம் காண அதுவே போதுமானதாக இருந்தது.

இவற்றில் மிகவும் வியப்பூட்டுவது லாடிக்யூல். முற்பகலில் அது நீர் உறிஞ்சிப் புடைத்து, லெம்மாவையும் பேலியாவையும் விலக்குகிறது. தாள்கள் வெளியே நீள்கின்றன. சுமார் ஒரு மணி நேரத்தில் பூ மூடிக்கொள்ளும். பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையே நடக்கிறது. இந்த நுண்செதில் எதன் எச்சம் என்பது நெடுநாள் விவாதம். சூப்பர்வுமன்1 என்ற மரபணு பழுதானால் லாடிக்யூல் பேலியா போலவும் மகரந்தத்தாள் சூலகம் போலவும் மாறுவதாக 2003இல் ஜப்பானிய ஆய்வு காட்டியது. லாடிக்யூல் மற்றப் பூக்களின் அல்லிவட்டத்துக்கு இணை என்ற கருத்து அதனால் வலுப்பட்டது.

கலப்பினம் செய்வோருக்கு இந்த அமைப்பு சோதனைதான். பூ விரியும் முன்பே உமியின் நுனியை நறுக்கி, ஆறு மகரந்தப்பைகளையும் அகற்ற வேண்டும். வேளாண் அறிஞர் எம். எஸ். சுவாமிநாதன் 1954இல் கட்டாக் நெல் ஆய்வு நிலையத்தில் இண்டிகா, ஜப்பானிகா இனங்களைக் கலக்கும் பணியில் ஈடுபட்டார். தஞ்சை வயல்களில் பரவிய ஆடுதுறை 27 என்ற நெல் வகை, அத்தகைய கலப்பில் பிறந்தது.

சுவாமிநாதன் 1988இல் நிறுவிய ஆராய்ச்சி அறக்கட்டளை சென்னைத் தரமணியில் இயங்குகிறது. கடலோர உப்புச் சேற்றில் வளரும் காட்டு நெல்லின் மரபணுக்களை அங்குள்ளோர் ஆராய்ந்தனர். தாவரவியலாளர் ராக்ஸ்பரோ ஒரைசாவில் சேர்த்த அந்தப் புல்லை, 1965இல் மற்றொரு தாவரவியலாளரான டடெயோகா போர்ட்டரேசியா எனத் தனிப் பேரினமாக்கினார். இப்போது பலரும் அதை மீண்டும் ஒரைசாவிலேயே வைக்கிறார்கள்.